கள்ளிக்காட்டில் காய்ச்சும் பீர்

அரிசோனாவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பிய வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘இருந்தவரை ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் ஊர் முழுக்கச் சின்னச் சின்ன பீர் ஆலைகள். டிக்கெட் போட்டு வேனில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். இத்தனை பீருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது சார்?’

குடியைப் பற்றி அறிவுரை கேட்காமல் தண்ணீரைப் பற்றிக் கேட்டாரே, அதற்கே அவருக்கு ஒரு வணக்கம். பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பீர் ஆலையை விட்டு வெளியே வருவதற்குள், கழுவுவது குளிரவைப்பது எல்லாம் சேர்த்து நான்கிலிருந்து ஏழு லிட்டர்வரை செலவாகும். ஃபீனிக்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையோ சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு.

அந்த வேனில் நானும் போயிருக்கிறேன். டூசானில் தொடங்கி ஃபீனிக்ஸ், வெர்டி பள்ளத்தாக்கு, ஃபிளாக்ஸ்டாஃப் என்று போய் நியூ மெக்சிகோவில் முடிகிற பாதை. ஒவ்வோர் ஆலையிலும் மரப்பலகையில் நாலைந்து குட்டிக் குவளைகளை வரிசையாக அடுக்கி நீட்டுவார்கள். வழிகாட்டி ஒவ்வொன்றின் கசப்பு அளவையும் ஆல்கஹால் சதவீதத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். பார்லியை முளைகட்டி, சூட்டில் உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்தால் பீர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே அதை விட்டுவிட்டு வழிகாட்டி விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

கொலராடோ ஆற்றுத் தண்ணீர் டூசானுக்குக் கால்வாயில் வருகிறது. மாநிலத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் ஹவாசு ஏரியில் இறைத்து, பாலைவனத்தின் குறுக்கே சுமார் 540 கிலோமீட்டர் ஓடவிட்டு, வழியில் ஏறக்குறைய 880 மீட்டர் உயரத்துக்கு பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். 1992இல் இந்தத் தண்ணீரை நேராகக் குழாயில் திறந்துவிட்டபோது ஊரே கொந்தளித்தது. அதுவரை நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருந்த பழைய இரும்புக் குழாய்களில் படிந்திருந்த துருவைப் புதுத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வீடுகளில் பழுப்பாகக் கொட்டியது. இரண்டே ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதை ஊருக்கு வெளியே குளங்களில் தேக்கி, மண்ணுக்குள் இறங்கவிட்டு, நிலத்தடி நீரோடு கலந்தபின் மறுபடி இறைக்கிறார்கள். டூசானில் குடிக்கிற பீருக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட பயணம் இருக்கிறது.

ஆலைக்கு வந்து சேர்ந்த தண்ணீரையும் அப்படியே கொப்பரையில் ஊற்றிவிட முடியாது. கொலராடோ நீரில் உப்பு அதிகம். ஆகவே ஆர்.ஓ. எந்திரத்தில் எல்லா உப்பையும் நீக்கிவிட்டு, பிறகு ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் தாங்களே அளந்து போடுவார்கள். ஜிப்சம் கூடினால் ஹாப்ஸின் கசப்பு சுருக்கென்று தெரியும். குளோரைடு கூடினால் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியின் இனிப்பு உருண்டு திரண்டு நாக்கில் நிற்கும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத் தண்ணீரைப்போல ஒரு நாளும், செக் நாட்டுப் பில்சென் தண்ணீரைப்போல மறுநாளும் தயாரித்துக்கொள்ளலாம். சொந்த ருசி இல்லாத தண்ணீரால் வரும் வசதி இது.

கோடையில் வேறொரு தலைவலி. கொதித்து இறக்கிய வோர்ட் என்ற இனிப்பு நீரை, ஈஸ்ட் போடுவதற்குமுன் 20 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மற்ற ஊர்களில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டே ஆற்றிவிடுவார்கள். ஃபீனிக்ஸில் ஜூலை மாதம் குழாயைத் திறந்தாலே 30 டிகிரிக்கு மேல் சுடுகிறது! ஆகவே தனியாகக் குளிர்விப்பான் வைத்து, கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த நீரைச் சுழலவிட்டுத்தான் ஆற்ற வேண்டும். தண்ணீரின் சூடு மின்கட்டணத்திலும் வந்து உட்காரும் இடம் இது.

இன்னொரு தண்ணீரும் உண்டு. 2017இல் டூசான் அடங்கிய பிமா கவுன்டியின் நீர்த்துறையினர் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையே லாரியில் ஏற்றி மாநிலம் முழுக்க ஓட்டினார்கள். சாக்கடை நீரை எடுத்து, நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா ஒளி, கரி என்று வரிசையாகச் செலுத்தி, கிடைத்த சுத்த நீரை பீர் ஆலைகளுக்குக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் கலந்துகொண்டன. சாதாரணக் குவளையில் கொடுத்தால் முகம் சுளிக்கிற அதே தண்ணீரை, நுரை பொங்கக் கொடுத்தால் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பார்கள் என்று கணக்குப் போட்டவர் யாரோ, மனிதரை நன்றாகப் படித்தவர். 2019இல் ஸ்காட்ஸ்டேல் நகரமும் இதே வேலையைச் செய்தது.

ஆனால் இதெல்லாம் ஆலைக்குள் நடக்கும் சிக்கனம். பீரின் உண்மையான தாகம் வயலில் இருக்கிறது. 250 மில்லி பீருக்கு, பார்லி விளைவதிலிருந்து கணக்கிட்டால், உலகச் சராசரியாகச் சுமார் 75 லிட்டர் தண்ணீர் ஆகிறது. மழைநீரும் அதில் சேர்த்திதான். ஆலைக்குள் ஒரு குழாயை மூடி மிச்சம் பிடிப்பது அதன் முன்னால் எம்மாத்திரம்? அந்தப் பாதையில் என்னை மயக்கியது பீர் காய்ச்சும் கலைஞர்கள் அல்ல. கேம்ப் வெர்டி என்ற சிற்றூரின் பார்லி வயல்.

வெர்டி, அரிசோனாவில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடும் சில ஆறுகளில் ஒன்று. நூறாண்டுக்கு மேலாக விவசாயிகள் வாய்க்கால் வெட்டி அதிலிருந்து பாசனம் செய்கிறார்கள். சோளமும் குதிரை மசாலும் அங்கே வழக்கமான பயிர். இரண்டுக்கும் நெருக்கித் தண்ணீர் தேவைப்படுவது கோடையில். ஆறு மெலிவதும் அப்போதுதான். வேறு பயிர் போடச் சொன்னால் விவசாயி கேட்பாரா? அங்குள்ள நீர்ச் சட்டம் அவர் பயப்படும்படி எழுதப்பட்டது. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. ஐந்தாண்டு தொடர்ந்து எடுக்காமல் விட்டால் அந்த உரிமை பறிபோகலாம். சிக்கனமாக இருந்தவனுக்குத் தண்டனை, இறைத்துக் கொட்டியவனுக்குப் பட்டா!

பார்லி இந்தச் சிக்கலில் நைசாக நுழைந்தது. குளிர்காலத்தில் விதைத்து, வசந்தத்தில் வளர்ந்து, ஜூனுக்குள் அறுத்துவிடலாம். ஆறு மெலியும் மாதங்களில் வயலுக்குத் தண்ணீரே வேண்டாம். நிலமும் தரிசாகக் கிடக்கவில்லை, நீர் உரிமையும் உயிரோடு இருக்கிறது. 2016 வாக்கில் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை முன்னெடுத்து, பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து பயிரிட்டுப் பார்த்தது.

விளைந்த பார்லியை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. பச்சைப் பார்லியை மாட்டுத் தீவனமாக விற்றால் கட்டுப்படியாகாது. பீர் ஆலைக்காரர் வாங்குவார், ஆனால் முளைகட்டி உலர்த்திய மால்ட்டாகத்தான் வாங்குவார். முளைகட்டும் ஆலை அப்போது அந்த மாநிலத்திலேயே கிடையாது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அனுப்பிக் கொண்டுவந்தால் லாபம் லாரி வாடகைக்கே போய்விடும். அதனால் கேம்ப் வெர்டியிலேயே சினாகுவா மால்ட் என்ற சிறு ஆலையைத் தொடங்கினார்கள். தானியத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஈரம் 45 சதவீதம் அளவுக்கு ஏறியதும் பரப்பி, நாலைந்து நாள் கிளறிக் கிளறி முளைக்கவிட்டு, சரியான கணத்தில் சூடான காற்றை அடித்து முளையை நிறுத்த வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மாவுச்சத்தை முளையே தின்றுவிடும். ஆற்றைக் காப்பாற்றும் திட்டம் கடைசியில் இப்படி ஒரு முளைகட்டும் கொட்டகையில் வந்து நின்றது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இடையில் இந்தக் கொட்டகை இல்லையென்றால் ஒரு பக்கம் நல்ல மனசுள்ள விவசாயி, மறுபக்கம் நல்ல மனசுள்ள பீர்க்காரர், நடுவில் வற்றும் ஆறு.

அந்த மால்ட்டை வாங்க முன்வந்தவர்களில் முக்கியமானது, கில்பர்ட் நகரின் அரிசோனா வில்டர்னெஸ். 2013இல் தொடங்கிய சின்ன ஆலை. மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே ரேட்பீர் என்ற பீர் மதிப்பீட்டுத் தளம் அதை உலகின் சிறந்த புது ஆலை என்று அறிவித்தது. அந்தப் புகழை வைத்துக்கொண்டு ஆற்றின் கதையையும் சேர்த்து விற்கிறார்கள். விற்கட்டும். பெரும்பாலான ஆலைகள் டப்பாவில் சகுவாரோ கள்ளியின் படத்தைப் போடுவதோடு பாலைவனத்துக்குச் செய்யும் கடமை முடிந்தது என்று நினைக்கின்றன.

சகுவாரோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டூசானுக்கு மேற்கே வாழும் டோஹோனோ ஓதம் மக்கள், ஜூன் கடைசியில் அந்தக் கள்ளியின் உச்சியில் பழுக்கும் சிவந்த பழத்தை நீண்ட கழியால் தட்டி எடுக்கிறார்கள். கழியும் காய்ந்த சகுவாரோவின் நரம்புதான். பழத்தைக் காய்ச்சிப் பாகாக்கி, நீர் சேர்த்துச் சில நாள் புளிக்கவைத்து, சடங்கில் கூடிக் குடிக்கிறார்கள். குடிப்பது மழையை அழைக்க. பருவமழை வருவதும் அதையொட்டித்தான். பீர் சுற்றுலாவில் இதைச் சேர்க்கவில்லை. சேர்க்காததே நல்லது, அது சடங்கு, சரக்கு அல்ல. ஆனால் இந்த மண்ணில் புளிக்கவைக்கும் கலை 1990களில்தான் வந்தது என்பதுபோல வழிகாட்டிகள் பேசுவதைக் கேட்கச் சகிக்கவில்லை.

சப்பாத்திக் கள்ளிப் பழத்தைப் பீரில் போட்டு இளஞ்சிவப்பாக்குவதும் மெஸ்கீட் விறகுப் புகையில் மால்ட்டை உலர்த்துவதும் அங்கே பலர் செய்கிறார்கள். மெஸ்கீட் நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. நாம் வெட்டி ஒழிக்கத் தீர்மானம் போடுகிற மரத்தின் உறவுக்காரனுக்கு அங்கே நல்ல மவுசு.

குதிரை மசாலை நான் விடுவதாக இல்லை. அரிசோனாவில் செலவாகும் நீரில் 70 சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குப் போகிறது. அதில் பெரும்பங்கு தின்பது மாட்டுத் தீவனம். சூடு இருக்கும்வரை வளரும் பயிர் அது. தாழ்வான பகுதிகளில் ஆண்டுக்கு ஏழெட்டு முறை அறுப்பார்கள். பட்லர் பள்ளத்தாக்கில் சவுதி அரேபியப் பால் நிறுவனம் ஒன்றின் கிளை, அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நிலத்தடி நீரை இறைத்து மசால் விளைவித்துக் கப்பலேற்றியது. தன் நாட்டு நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று தீவனப் பயிரைக் கட்டுப்படுத்திய நாடு அது! 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் அந்தக் குத்தகைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் கூச்சல் பெரிதாயிற்று. உள்ளூர்க்காரர் இறைக்கும் மசால் தண்ணீருக்கு யாரும் கொடி பிடிப்பதில்லை. பீர் ஆலைகள் குடிப்பது இந்தக் கணக்கில் கடைசி வரிகூட இல்லை. வேனில் வந்தவர்களில் ஒருவர் ‘பாலைவனத்தில் பீர் தேவையா’ என்று பெருமூச்சு விட்டார். மதியச் சாப்பாட்டில் அவர் முன் இருந்தது பாலாடைக்கட்டி வழியும் பெரிய பர்கர்.

பாதையில் அடுத்து வரும் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்தில் பைன் காட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போதுதான் ஹாப்ஸின் அமிலம் உருமாறிக் கசப்பாகிறது. சூடு குறைந்தால் கசப்பும் குறையும். அதே உயரமுள்ள கொடைக்கானலில் என் அப்பா வேலை பார்த்த காலத்தில், துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் குழையாமல் அம்மாவின் பொறுமையைச் சோதித்தது இதனால்தான். அம்மா கடைசியில் குக்கர் வாங்கினார். ஃபிளாக்ஸ்டாஃப்காரர்கள் கூடுதலாக ஹாப்ஸ் போடுகிறார்கள், அல்லது கூடுதல் நேரம் கொதிக்க விடுகிறார்கள்.

நியூ மெக்சிகோவில், அபிக்யூ ஊருக்கு அப்பால் சாமா ஆற்றங்கரையில் 1964இல் நிறுவிய பெனடிக்டின் மடம் இருக்கிறது. மடத்துக்குப் போக இருபது கிலோமீட்டருக்கும் மேல் மண்பாதை. அங்கே துறவிகள் 2005இலிருந்து பீர்த் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ப்பது அம்மலைகளில் காட்டுக்கொடியாக வளரும் நியோமெக்சிகானஸ் என்ற ஹாப்ஸ் வகை. உலகத்து ஹாப்ஸ் பெரும்பாலும் குளிர்ந்த, கோடையில் நீண்ட பகல் உள்ள வடக்கு நிலங்களில் விளைகிறது. இது வறட்சியும் சுட்டெரிக்கும் வெயிலும் பழகிய கொடி. தேங்காய் மணம் வீசுகிற ஸப்ரோ என்ற ரகம் 2018இல் சந்தைக்கு வந்தபோது, அதன் தாய்வழி இந்தக் காட்டுக்கொடிதான் என்று தெரிந்து பலருக்கு ஆச்சரியம். வெயில் கூடிவரும் காலத்தில் ஹாப்ஸ் விவசாயிகள் தேடிப்போக வேண்டிய மரபு இங்கே பாறை இடுக்கில் கிடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஃபீனிக்ஸ், டூசான் பக்கம் அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். அரிசோனாவின் குடிபோதைச் சட்டம் கடுமை. குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். பல ஆலைகளில் ஆல்கஹால் இல்லாத ரூட் பீர் உண்டு. மால்ட் எங்கே விளைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெர்டி பார்லியை வயலில் பார்க்க ஆசை என்றால் மே மாதத்துக்குள் போய்விடுங்கள்.