செங்கல் கட்டிய பென்சிலும் மர எலியும்

ஒரு பென்சிலை எடுத்து, அதை ஒரு செங்கல்லோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பென்சிலால் உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதிப் பாருங்கள். கை வலிக்கும், எழுத்து கோணும், இரண்டு வரி முடிவதற்குள் என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துபோகும்.

இது வெறும் விளையாட்டு அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலார் 1962-ஆம் ஆண்டு தம் அறிக்கையில் விவரித்த சோதனை இது. பென்சில் இவ்வளவு கனமாக இருந்திருந்தால் மனிதன் எவ்வளவு எழுதியிருப்பான்? எப்படிச் சிந்தித்திருப்பான்? கருவி கைக்கு இடைஞ்சலாக இருந்தால் அது மூளைக்கும் இடைஞ்சல்தான் என்பது அவர் கருத்து.

அக்காலத்துக் கணிப்பொறிகள் செங்கல் கட்டிய பென்சில்களாகவே இருந்தன. கணக்கை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கொடுக்க வேண்டும். விடைக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் பிழை இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து!

மனிதனும் கருவியும் சந்திக்கும் இடத்தைச் செம்மையாக அமைப்பது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. ஊடாட்ட வடிவமைப்பு என்று அதற்குப் பெயர். இத்துறையில் சிறந்த பணியை அடையாளம் காண்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. பெரிய பாலம் கட்டினால் அது எல்லார் கண்ணிலும் படும். ஆனால் தண்ணீர்க் குழாயின் திருகு கைக்கு இதமாக இருந்தால் அதை யார் கவனிக்கிறார்கள்? இறுகிப்போன திருகைத்தான் திட்டுகிறோம். நன்றாக அமைந்த வேலை கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது. பிறகு எதைப் பார்த்துப் பரிசு கொடுப்பது?

எங்கல்பார்ட்டும் அவருடைய குழுவினரும் கண்ட வழி, அளந்து பார்ப்பது. திரையில் தெரியும் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட எந்தக் கருவி நல்லது என்ற கேள்வி எழுந்தது. திரையைத் தொட்டுக் காட்டும் ஒளிப்பேனா அப்போதே இருந்தது. அசைக்கும் கைப்பிடியும் இருந்தது. மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் அசைக்கும் ஒரு நெம்புகோலையும் செய்து பார்த்தார்கள். முழங்காலைப் பக்கவாட்டில் அசைத்தால் திரையில் உள்ள குறி பக்கவாட்டில் நகரும். மேலும் கீழும் அசைத்தால் குறியும் மேலும் கீழும் போகும்.

இவற்றோடு 1964-இல் ஒரு சிறு மரக்கட்டையும் சேர்ந்தது. எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் பில் இங்கிலீஷ் என்னும் பொறியியலார். கட்டையின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். கட்டையைக் குறுக்கே நகர்த்தினால் ஒரு சக்கரம் சுழலும். மற்றது வழுக்கிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் நகர்த்தினால் இது மாறி நடக்கும். சாய்வாக நகர்த்தினால் இரண்டும் அதனதன் பங்குக்குச் சுழலும். வரைபடத் தாளில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போடுகிறீர்களே, அதே கணக்குத்தான். வாலைப் போல நீண்ட கம்பி இருந்ததால் யாரோ அதை ‘மவுஸ்’ என்று அழைத்தார்கள். எலி என்ற அந்தப் பெயர் நிலைத்தும்விட்டது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பண உதவியோடு 1960-களின் நடுவில் போட்டி நடந்தது. ஒருவர் திரைமுன் அமர்ந்து விசைப்பலகையின் நீள விசையைத் தட்டுவார். உடனே கடிகாரம் ஓடத் தொடங்கும். கருவியைப் பற்றி, குறியை இலக்குக்கு நகர்த்தி, தேர்ந்ததும் கடிகாரம் நிற்கும். நேரத்தையும் தவறுகளையும் குறித்துக்கொண்டார்கள்.

வென்றது யார்? இங்கேதான் நீங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். கருவிகளில் பழகியவர்கள் கையில் மவுஸ்தான் வேகமாகவும் பிழை குறைவாகவும் வேலை செய்தது. ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு ஒளிப்பேனாவும் முழங்கால் நெம்புகோலும் மவுஸைவிட வேகமாக இருந்தன! முழங்காலுக்கு ஒரு வசதி உண்டு; கருவியைத் தேடிக் கையை எடுத்துப் போக வேண்டியதில்லை. முதல் நாள் வந்தவர்களை மட்டும் நடுவர்களாக வைத்து, வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் மவுஸ் தோற்றிருக்கும். யாரை நடுவராக வைப்பது, எந்த நாளில் தீர்ப்புக் கேட்பது என்பதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

இன்னொரு கேள்வியும் மிச்சம் இருந்தது. மவுஸ் மற்றக் கருவிகளை வென்றது சரி. அதைவிட நல்லதாக இன்னொன்றைச் செய்ய முடியுமா? இதற்கு விடை காண உதவியது பால் பிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1954-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அதை நீங்களே செய்து பார்க்கலாம். தாளில் 1 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளை, நடுவுக்கு நடு 8 செ.மீ. தூரத்தில் வரையுங்கள். பென்சில் முனையால் இரண்டையும் மாறி மாறித் தட்டுங்கள். 10 விநாடியில் எத்தனை தட்டு என்று நண்பர் எண்ணட்டும். அடுத்து 2 செ.மீ. அகலம், 16 செ.மீ. தூரம். தூரம் இரு மடங்கு ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். எண்ணிக்கை ஏறக்குறைய முன்போலவே இருக்கும். மூன்றாவதாக, தூரம் 16 செ.மீ., அகலம் 1 செ.மீ. மட்டும். இப்போது எண்ணிக்கை குறையும். தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதான் பிட்ஸ் கண்ட விதி.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டூவர்ட் கார்டும், அங்கே சேர்ந்துவிட்ட அதே பில் இங்கிலீஷும், பெட்டி பர் என்பவரும் இந்த விதியை மவுஸுக்குப் பொருத்திப் பார்த்து 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். மவுஸின் வேகம் ஏறக்குறைய வெறுங்கையின் வேகத்தையே எட்டியிருந்தது. தடையாக இருந்தது கருவி அல்ல, மனிதக் கைதான்! ஒரு கருவிக்கு இதைவிடச் சிறந்த சான்றிதழ் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் கிடைத்தது, கண்டவருக்கு என்ன கிடைத்தது? 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆயிரம் வல்லுநர்கள் முன்னிலையில் எங்கல்பார்ட் 90 நிமிடம் செயல்விளக்கம் நடத்தினார். சுமார் 50 கி.மீ. தொலைவில் இருந்த கணிப்பொறியை மேடையிலிருந்தே இயக்கினார். மவுஸால் சொற்களைச் சுட்டினார், நீக்கினார், இடம் மாற்றினார். தொலைவில் இருந்த தோழரின் முகத்தைத் திரையில் கண்டு பேசிக்கொண்டே, இருவரும் ஒரே எழுத்துப் படியில் வேலை செய்தார்கள். அவை எழுந்து நின்று கைதட்டியது.

ஆனால் கைதட்டல் சோறு போடுமா? 1970-களில் அவருடைய குழுவுக்கு வந்த பண உதவி சுருங்கியது. பலர் ஜெராக்ஸ் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். 1970-இல் கிடைத்த மவுஸ் காப்புரிமை அவர் வேலை செய்த நிலையத்துக்கே உரியது. அதன் 17 ஆண்டுக் காலம் 1987-இல் முடிந்தது. மவுஸ் வீடுதோறும் பரவியது அதன் பிறகுதான். அவருக்கு உரிமைத் தொகையாக எதுவும் வரவில்லை. கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் பரிசு 1997-இல் அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது 72. அதே ஆண்டு 5 லட்சம் டாலர் மதிப்புள்ள லெமல்சன் பரிசும், 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் கிடைத்தன. 2013-இல் மறைந்தார்.

‘மவுஸ் கண்டவர்’ என்று மட்டும் தம்மை அழைப்பதில் அவருக்கு முழு நிறைவு இல்லை. செயல்விளக்கத்தின்போது வலக்கையில் மவுஸ் இருந்தது; இடக்கையில் பியானோ விசைகளைப் போன்ற ஐந்து விசைகள் இருந்தன. ஒரே நேரத்தில் ஒன்றையோ பலவற்றையோ அழுத்தினால் 31 விதமான குறிகள் கிடைக்கும். (கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டை ஐந்து முறை பெருக்கி ஒன்றைக் கழியுங்கள்.) கற்பதற்குச் சில நாள் ஆகும் என்பதால், பின்னால் பெருவாரியாக விற்பனையான கணிப்பொறிகள் மவுஸை எடுத்துக்கொண்டு அந்த ஐந்து விசைகளை விட்டுவிட்டன. மூன்று சக்கர வண்டி ஓட்டக் கற்க வேண்டியதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்கத்தான் வேண்டும். ஆனாலும் தொலைதூரம் போக எது நல்லது என்று அவர் கேட்பது வழக்கம்.

நீங்கள் வரைந்த அந்தப் பட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இடக்கையாலும் ஒரு முறை தட்டி எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலக்கையால் செய்யுங்கள். தினமும் ஐந்து நிமிடம் பழகி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.