பூசுவதும் அடிப்பதும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

என் தந்தையார் திருத்தணியில் வெள்ளையடிக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற பொங்கலுக்கு முன் பழைய காரைவீட்டுக்காரர் ஒருவர், "வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு வேலை செய்ய வேண்டும்" என்று அப்பாவிடம் கூலி பேசினார். மூன்று நாளில் வேலை முடிந்தது. அவரோ, "காரை உதிர்ந்த இடமெல்லாம் அப்படியே இருக்கிறதே!" என்று பாதிக் கூலியை நிறுத்திவிட்டார். அவர் நினைத்தது பூசுவதை. அப்பா நினைத்தது அடிப்பதை. இரண்டும் ஒன்றா நண்பர்களே?

பொருள் ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு கிடைக்கிறது. நீர் ஊற்றினால் அது கொதித்து, கால்சியம் ஹைட்ராக்சைடாக நீறுகிறது. சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கல்லாய் இருந்தது கல்லாகவே ஆகிறது!

வேறுபாடு எங்கே? பூச்சு என்பது சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம். கொத்தனார் அதைக் கரணையால் விரல் கனத்துக்கு அப்புவார். காயும்போது சுண்ணாம்பு சுருங்கும்; வெடிப்பு விழாமல் தாங்குவது மணல். மேடுபள்ளத்தை நிரப்பிச் செங்கல்லை மழையிலிருந்து காப்பது இதுவே.

வெள்ளையடிப்பதில் மணல் கிடையாது. வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் சிறிது நீலமும் வச்சிரமும் கலந்து மட்டையால் தீட்டுவார்கள். அதன் கனம் காகித அளவுதான். ஒளியைத் திருப்பி வெயிலைத் தணிக்கும், பள்ளத்தை நிரப்பாது. மழையில் கரைந்து தேய்வதால்தான் ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடிக்கிறோம். சுருங்கச் சொன்னால், பூச்சு சுவரின் தோல். வெள்ளை அதன்மேல் உடுத்தும் வேட்டி. தோல் கிழிந்த இடத்தை வேட்டி மறைக்கும், ஆற்றாது.

வீட்டுக்காரரும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் ஏமாற்றவில்லை. "சுண்ணாம்பு" என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கும் நின்றதால் ஏழையின் கூலி போயிற்று. ஆய்வுக்கூடத்தில் சீசாவுக்குப் பெயர் ஒட்டாவிட்டால் ஆசிரியர் கடிந்துகொள்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்போது அப்பா கூலி பேசுமுன், "பூசவா, அடிக்கவா?" என்று கேட்கிறார். பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் கற்ற வேதியியல் எங்கள் வீட்டுக்குத் தந்த முதல் வருமானம் அதுவே.