பெரிய படிப்பு எல்லா வேலைக்கும் தகுதியாகுமா?

"ஐ.டி.ஐ. கேட்ட அரசு வேலைக்கு டிப்ளமோ முடித்த பிள்ளை விண்ணப்பிக்கலாமா? அது பெரிய படிப்புதானே!" ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பெற்றோர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. தோல் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் படிக்க வைப்பவர்களுக்கு இதற்கான பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஜம்மு காஷ்மீர் மின்துறையில் மூன்றாம் நிலை டெக்னீஷியன் பணிக்கு மெட்ரிக்குடன் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. கேட்டார்கள். டிப்ளமோ முடித்தவர்கள் தங்களுக்கும் தகுதி உண்டு என்று வழக்காடினார்கள். 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐ.டி.ஐ. படிக்காமலேயே டிப்ளமோவில் சேரலாம். எனவே டிப்ளமோவுக்குள் ஐ.டி.ஐ. அடங்காது என்றது. எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்பதை வேலை கொடுப்பவரே முடிவு செய்வார் என்றும் கூறியது.

கேரள மின்வாரியத்தில் டிப்ளமோ கேட்ட சப் இன்ஜினியர் பணிக்குப் பட்டதாரிகளை அதே நீதிமன்றம் அனுமதித்தது. அங்கே பணி விதியிலேயே அதற்கு இடம் இருந்தது.

ரயில்வேயின் 2024 அறிவிப்புகளையே பாருங்கள். உதவி லோகோ பைலட் பணிக்கு உரிய பிரிவில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ போதும். மூன்றாம் நிலை டெக்னீஷியனுக்கு ஐ.டி.ஐ.க்குப் பதிலாக டிப்ளமோ செல்லாது.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் 'இணையான படிப்பு' என்று சொன்னால், அதற்கான அரசாணையைக் காட்ட வேண்டும். அந்த ஆணை தேர்வு அறிவிப்பு நாளிலோ அதற்கு முன்போ வெளிவந்திருக்க வேண்டும்.

ஆகவே கல்லூரியில் பணம் கட்டுமுன், பிள்ளை விரும்பும் வேலையின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துக் கல்வித் தகுதிப் பகுதியைப் படியுங்கள். விண்ணப்பிக்குமுன் சான்றிதழ்களுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.