ஒரு யூனிட்டு மின்சாரத்தின் மெய்க்கணக்கு

கூட்டுறவுச் சங்கத்திற்கு உயிர்நிலை கணக்கே என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். பணத்திற்கும் பாவுக்கும் கணக்கு வைத்துப் பழகிய நாம், புகைக்கும் கணக்கு வைக்க வேண்டிய காலம் வந்துள்ளது. ஒரு பொருள் தோன்றுவது முதல் கழிவாகி ஒழிவது வரை சுற்றுச்சூழலுக்கு விளைக்கும் கேட்டை அளப்பதே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு எனப்படும். ஆரணிப் பட்டுச் சேலைக்கு அக்கணக்கை எழுதப் புகுந்தால், மின்சாரத்தை எவ்வாறு மதிப்பது என்னும் வினா முன்னிற்கும்.

முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதால் நம் மின்சாரம் தூயது என்பாருண்டு. கைத்தறிக்கு 2023 மார்ச்சு முதல் இரு மாதத்திற்கு 300 யூனிட்டும், பாசனத்திற்கு முழுதும் இலவசமாயிருக்கக் கணக்கு எதற்கு என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. கட்டணம் தள்ளுபடியானாலும் எரிந்த நிலக்கரி எரிந்ததே. காற்றாலை மின்சாரமும் கம்பியில் ஏறியபின், நெய்வேலியிலும் கூடங்குளத்திலும் பிறந்த மின்சாரத்தோடு கலந்துவிடுகிறது. ஏரியில் சேர்ந்த நீரை இன்ன ஓடையினது என்று பிரிக்க இயலுமா?

அவ்வேரி இன்று நாடளாவியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு ஏனைய இந்தியத் தொகுப்போடு இணைந்தது. எனவே ஆரணியில் நெய்த சேலைக்கும் அதில் ஏறும் சூரத்து ஜரிகைக்கும் நாட்டின் ஒரே மின்கலவையைக் கொள்வது முறையாகும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கின்படி, 2023-24இல் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.727 கிலோ கரியமில வாயு வெளிப்பட்டது.

இஃது மின்நிலையத்தில் வெளிப்படுவது மட்டுமே. வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தல் வேண்டும். உதாரணமாக, அனுப்பிய 100 யூனிட்டில் 90 மட்டுமே வந்து சேருமாயின், நம் ஒரு யூனிட்டின் பங்கு 0.81 கிலோவாக உயரும். சுரங்க வேலை, நிலக்கரி ஏற்றி வரும் ரயில், காற்றாலைக்கான எஃகு ஆகியவற்றின் பங்கு இதற்கும் மேலாகும். காற்றாலைக்கும் புகைக்கணக்கு உண்டு. அது மிகச் சிறிது. உலக அறிஞர் குழு 2014இல் தந்த நடுமதிப்பின்படி, வாழ்க்கைச் சுழற்சி முழுவதற்கும் யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், காற்று 11 கிராம்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தறியருகே 20 வாட்டு விளக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தால், ஐந்து நாளில் ஒரு யூனிட்டு ஆகும். மல்பெரித் தோட்டத்தில் 5 குதிரைத்திறன் மோட்டார் 4 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 15 யூனிட்டு. மேற்சொன்ன விகிதப்படி 12 கிலோ கரியமில வாயு. தறியோ நெசவாளரின் கையாலும் காலாலும் இயங்குவது. ஆகவே மின்சாரப் புகையைக் குறைக்கும் வழியைத் தறியில் தேடுவதினும் கிணற்றடியிலும் நூல் முறுக்கும் இயந்திரத்திலும் தேடுவதே பயன் தரும். சொட்டு நீர்ப் பாசனமும் கிணற்றுக்கேற்ற மோட்டாரும் இங்கே கைகொடுக்கும்.

இதற்குச் சங்கங்கள் செய்யத்தக்கவை எளியவை. முறுக்கு இயந்திரத்திற்குத் தனி மீட்டர் வைக்கலாம். மீட்டர் இல்லாத பாசன இணைப்பில் மோட்டார் ஓடிய நேரத்தைக் குறித்து வரலாம். எந்த ஆண்டில் நெய்தோமோ அந்த ஆண்டின் மின்கலவையையே கொள்ளலாம். தூயது என்று வாயால் சொல்லும் சேலை, வாங்குவோரின் முதற் கேள்வியிலேயே மதிப்பிழக்கும். கணக்கோடு செல்லும் சேலையோ கைத்தறியின் மெய்யான சிறப்பைத் தானே எடுத்துரைக்கும். அக்கணக்குப் புத்தகத்தை இவ்வாண்டே தொடங்குவோமாக!