ஈட்டி எங்கே பட வேண்டும்?

வெம்பக்கோட்டை அணையிலோ விருதுநகர் வட்டாரக் கண்மாய்களிலோ நீர் தெளிந்திருக்கும்போது கரையில் நின்று பாருங்கள். மீன் தெரியும் இடம் ஒன்று, அது இருக்கும் இடம் வேறு. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நான்கு அடி ஆழத்தில் உள்ள மீன் நேர்மேலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய மூன்று அடியில் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே. அதனால் கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கீழே குறி வைத்தால்தான் ஈட்டி மீனைத் தொடும். கைப்பழக்கம் போதாதா, கணக்கு எதற்கு என்று கேட்கலாம். பழக்கமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் ஆழமோ நிற்கும் கோணமோ மாறினால் அந்தப் பழக்கமே கையைத் தவறவைக்கும்.

நீரில் மூழ்கி ஈட்டித் துப்பாக்கியால் சுடுபவருக்குச் சிக்கல் வேறு. முகக்கண்ணாடி வழியே மீன் பக்கத்திலும் பெரிதாகவும் தெரியும், தொலைவிலிருந்தே சுடத் தோன்றும். செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னே முதுகெலும்பில் பட்டால் மீன் உடனே அடங்கிவிடும். வயிற்றில் பட்டால் சதை கிழிந்து தப்பி, யாருக்கும் உதவாமல் எங்கோ சாகும். வேண்டிய மீனை மட்டும் எடுப்பது ஈட்டி என்கிறார்கள். குறி தவறாதவரைதான் அது உண்மை. பட்டாசே பிழைப்பான இந்த மண்ணில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குஞ்சோடு சேர்த்துக் கொல்லும் வெடிக்குக் குறியே கிடையாது. நீர்நிலையில் வெடி போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.