பழைய காரில் கல்வராயன் மலை ஏறப் போறீங்களா? கச்சிராயபாளையத்திலேயே பார்க்க வேண்டியவை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் எல்லாக் காரும் நல்ல கார்தான். சமதளம், வழியெல்லாம் கரும்பு வயல், டாப் கியரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். ஊரைத் தாண்டி வெள்ளிமலை ரோட்டில் ஏற்றம் தொடங்கும்போதுதான், அப்பா ஆசையாக வாங்கிய மாருதி 800-க்கு எத்தனை வயசு என்பது தெரியும். டெம்பரேச்சர் முள் மெதுவாக மேலே நகரும். ஏசி காற்று சூடாகும். ஏதோ ஒரு வாடை வரும்.

கல்வராயன் ஒன்றும் ஊட்டி இல்லை, 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். ஆனால் காருக்கு உயரம் பிரச்சினை இல்லை. இரண்டாவது கியர், குறைந்த வேகம், அதிக சுமை, ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. சென்னையில் ஆபீஸ் போய் வரும்போது காட்டாத கோளாறை எல்லாம் கார் இங்கேதான் காட்டும். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்தில். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயசுக்கு மேல் ஆகிவிட்டது.

எப்போ சூடாகுது?

'ஓவர் ஹீட்' என்று சொன்னதும் சில ஷெட்களில் ரேடியேட்டரைக் கழற்றிவிடுவார்கள். அதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று இருக்கிறது: எப்போது சூடாகிறது?

சிக்னலில் நிற்கும்போதும், மெதுவாக ஏறும்போதும் முள் ஏறி, வேகமாக ஓட்டினால் இறங்குகிறதா? அப்படியென்றால் முதலில் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். மாருதி 800 போன்ற கார்களில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. ஃப்யூஸ், ரிலே, சென்சார் என்று எது போனாலும் நின்றுவிடும். இன்ஜினை ஐடிலில் 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஆள் அதுதான். சின்னச் செலவு.

மாறாக, ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். பழுதானால் புதுசு மாட்டுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு சாமான் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளும். இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இதுதான். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள், துருதான் ரேடியேட்டரை அடைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஆறுவதற்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் ஹெட்டில் விரிசல் விழலாம்.

"இன்னும் ரெண்டு வளைவுதான், ஏறிடலாம்" என்று அழுத்தினால்தான் ஹெட் கேஸ்கெட் போகும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் டீ மாதிரி நுரை, நிற்காமல் வெள்ளைப் புகை, கசிவே தெரியாமல் குறையும் கூலன்ட் ஆகியவை அதன் அடையாளம். ஒரு மூடியில் முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்ஜினைப் பிரிக்கும் செலவாகிவிடும்.

ஏறுவதை விட இறங்குவது

ஏற முடியாவிட்டால் கார் நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காவிட்டால்தான் ஆபத்து.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-ல் இருந்து 155. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி உள்ளே ஆயில் கொதித்து நீராவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்த முடியாது, குமிழை அழுத்த முடியும். அதனால்தான் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஞாபகம் இல்லையா? அப்படியானால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது நல்ல கணக்கு.

பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் பிடிக்கவில்லை என்றால், பேட் அளவுக்கு மீறி சூடாகிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமோ எதிர்ப் பக்கமோ ஏதோ மாட்டியிருக்கிறது. சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் கை கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிரேக் விடுபடாமல் உரசுகிறது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும், இன்ஜினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். பிரேக் பூஸ்டருக்கு வேகுவம் கொடுப்பதே ஓடும் இன்ஜின்தான்.

கிளட்சையும் ஊரிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆனால் கிளட்ச் ஓகே. ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது, ஏற்றத்தில் கருகிய வாடையோடு கைவிட்டுவிடும்.

கரும்பு பெட்ரோலுக்குள் வந்த கதை

கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கரும்புக்கும் உங்கள் பெட்ரோல் டேங்குக்கும் இன்று ஒரு தொடர்பு உண்டு. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் மொலாசஸில் இருந்தும், கரும்புச் சாற்றில் இருந்தும் எத்தனால் தயாரிக்கலாம். நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை 2025-ல் எட்டியது. இதற்கு ஏற்ற பொருட்களோடு புதிய கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில் இருந்துதான்.

பழைய கார்களில் என்ன ஆகும்? லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அது கோளாறு இல்லை, பிளக்கை மாற்றியும் பயனில்லை. கவனிக்க வேண்டியது பழைய ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கெட்களையும். அவை உப்பியோ வெடித்தோ போகலாம். டேங்கின் அடியில் படிந்திருந்த அழுக்கு கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி கார் திக்கித் திக்கிப் போனால், முதலில் ஃபியூல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் வேறொரு தொல்லை. வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி, பம்ப் இழுக்காமல் நின்றுவிடும். அம்பாசடர்காரர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான்.

பேட்டரி விஷயம் சுருக்கம். இன்ஜின் ஓடாதபோது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம்.

15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிப்பும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாயானது. காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருக்கிறதா? ஷெட்டுக்கு விடுவது என்றால் கச்சிராயபாளையத்திலேயே விடுங்கள், கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினாலும் தப்பில்லை. மேலே போனால் செல்போன் சிக்னலே விட்டு விட்டுத்தான் வரும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்தீர்களா?