எஞ்சினைத் தின்னும் வாயு
(இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



மலருக்கு எழுதச் சொன்னதும் நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியை வைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவைப் பற்றி எழுதுகிறேன். முதலாமாண்டு வேதியியலில் 'அழுகிய முட்டை நாற்றம்' என்று ஒரு மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்தோமே, அதே வாயுதான்!

அப்பா மீது விழுந்த பழி

என் அப்பா நாமக்கல் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறார். அங்கே சாண எரிவாயுக் கலன் உண்டு. அந்த கேஸோடு கொஞ்சம் டீசலும் சேர்த்து 5 குதிரைத்திறன் எஞ்சின் ஓடும். தண்ணீர் இறைப்பது, மாட்டுக்குத் தட்டு வெட்டுவது எல்லாம் அதில்தான். எஞ்சின் அப்பாவின் பொறுப்பு. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல்.

போன வருஷம் எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம் வந்து நின்றே போய்விட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். கனெக்டிங் ராடின் சின்ன முனையில் இருக்கும் வெண்கல புஷ் கருத்து, அரித்துக் கிடந்தது. ஆயில் தார் மாதிரி இருந்தது.

"ஆயில் மாத்தாமயே ஓட்டியிருக்காங்க" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"மாத்தினேனுங்க. தேதி வெச்சு மாத்தினேனுங்க" என்றார் அப்பா.

"அப்புறம் எப்படிப்பா புஷ் போச்சு?" என்று முதலாளி கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. ரிப்பேர் செலவில் 4,000 ரூபாயை அப்பா தலையில் கட்டி, மாதம் 500 வீதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஆயில் மாற்றிய நாளுக்கெல்லாம் அப்பா கரித்துண்டால் வட்டம் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஒரு வட்டம்கூடத் தவறவில்லை. அப்படியானால் புஷ் எப்படிப் போயிற்று? அந்தக் கேள்வியோடுதான் காலேஜுக்குத் திரும்பினேன்.

வாயு எங்கிருந்து வருகிறது?

சாண எரிவாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. இவற்றோடு நீராவியும் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அந்தக் 'கொஞ்சம்' சில நூறு பி.பி.எம். முதல் சில ஆயிரம் பி.பி.எம். வரை போகும். 10,000 பி.பி.எம். என்றால் ஒரு சதவீதம். அளவைப் பார்த்தால் அற்பம்தான். செய்கிற வேலை அற்பம் அல்ல.

கலனுக்குள் காற்று இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்போது, புரதத்தில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. ஆகவே கழிவில் புரதம் கூடினால் இந்த வாயுவும் கூடும். கோழி எச்சத்தில் மாட்டுச் சாணத்தைவிடக் கந்தகம் அதிகம்.

இதை வேதியியல் சார் சொன்னபோதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. எஞ்சின் நிற்பதற்கு ஆறு மாதம் முன்புதான், கேஸ் அதிகம் வரட்டும் என்று பக்கத்துக் கோழிப் பண்ணை எச்சத்தையும் கலனில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்! அப்பா பழைய கணக்குப்படிதான் ஆயில் மாற்றினார். கேஸ் பழைய கேஸாக இல்லை.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

எரியாமல் தப்பும் ஹைட்ரஜன் சல்பைடு, செம்பு கலந்த உலோகங்களை நேரடியாகத் தாக்கும். புஷ், பேரிங், பித்தளை வால்வு எல்லாம் இதில் அடங்கும். எரியும் பகுதி சல்பர் டை ஆக்சைடாகி, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. எஞ்சின் ஆறும்போது அந்த அமிலம் உள்ளே பனித்துளி போலப் படியும். பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலிலும் இறங்கும். அமிலத்தைச் சமாளிக்க ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மானம் உண்டு. அது தீர்ந்த பிறகு ஆயில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆகவே கந்தகம் அதிகமுள்ள கேஸில் ஓடும் எஞ்சினுக்கு ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் டீசலில் மட்டும் ஓட்டி, உள்ளே இருக்கும் கேஸை வெளியேற்றிவிட வேண்டும். ஆனால் நோயின் மூலம் கேஸில் அல்லவா இருக்கிறது? அதைச் சுத்தம் செய்வதுதான் சரியான வைத்தியம்.

துருவே மருந்து!

ஒர்க்‌ஷாப்பில் துருவைக் கண்டால் இன்ஸ்ட்ரக்டர் திட்டுவார். இங்கே அந்தத் துருதான் நமக்கு நண்பன். துரு என்பது இரும்பு ஆக்சைடு. அதன் வழியாக கேஸ் போனால்,

இரும்பு ஆக்சைடு + ஹைட்ரஜன் சல்பைடு → இரும்பு சல்பைடு + தண்ணீர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் எஞ்சின் தினம் இரண்டு மணி நேரம் ஓடும். அதற்கு சுமார் 5 கன மீட்டர் கேஸ், அதாவது 5,000 லிட்டர். 2,000 பி.பி.எம். என்று வைத்துக்கொண்டால் அதில் 10 லிட்டர் ஹைட்ரஜன் சல்பைடு. எடை ஏறத்தாழ 14 கிராம். சமன்பாட்டின்படி 160 கிராம் இரும்பு ஆக்சைடு 102 கிராம் ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்கும். அப்படியானால் அரைக் கிலோ துரு சுமார் 320 கிராமைப் பிடிக்க வேண்டும். 320-ஐ 14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23 நாள்! இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் குறையும்.

லீவில் அப்பாவும் நானும் வேலையில் இறங்கினோம். அனுமதி வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட இரும்பு லேத் சுருளைச் சாக்கில் கொண்டு போனேன். எண்ணெய் போக சலவை சோடாத் தண்ணீரில் அலசி, பத்து நாள் நனைத்து நனைத்து வெயிலில் போட்டதில் நன்றாகத் துருவேறியது. அதோடு மரச்சீவலைக் கலந்து 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தளர்வாக நிரப்பினோம். இறுக்கி அடைக்கக் கூடாது. சாண எரிவாயுவுக்கு அழுத்தம் மிகக் குறைவு, எஞ்சினுக்கு கேஸ் போய்ச் சேராது. ஈரம் கொஞ்சம் இருக்க வேண்டும், காய்ந்த துரு சரியாக வேலை செய்யாது. கேஸ் மேலே நுழைந்து கீழே வெளியேறும்படி குழாய் வைத்து, வழியில் தண்ணீர் தேங்கி வடிய ஒரு வாட்டர் டிராப்பும் போட்டோம்.

சோதனை

வேதியியல் சார் லெட் அசிடேட் தாள் சில கொடுத்திருந்தார். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் இந்தத் தாள் கருக்கும். (ஈயம் விஷம், தொட்டால் கை கழுவுங்கள்.) முதலாளியையும் கூப்பிட்டு, டிரம்முக்கு முன்னால் ஒரு தாளும் பின்னால் ஒரு தாளும் காட்டினோம். முன்னால் பிடித்தது சட்டென்று கருத்துவிட்டது. பின்னால் பிடித்தது வெள்ளையாகவே இருந்தது. முதலாளி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டாம் நாள் பின்தாளும் கருக்க ஆரம்பித்தது. துரு தீர்ந்தது என்று அர்த்தம்.

தீர்ந்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காற்றில் பரப்பினால் இரும்பு சல்பைடு மறுபடி இரும்பு ஆக்சைடாகி, கந்தகம் தனியே பிரியும். சில தடவை இப்படிப் புதுப்பிக்கலாம். அப்புறம் கந்தகம் மூடிக்கொள்ளும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

கவனம்! கவனம்!

புதுப்பிக்கும்போது நிறைய வெப்பம் வரும், தானாகவே தீப்பிடிக்கும். ஆகவே தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, திறந்த வெளியில், மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் ஆகாது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். இந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். சுமார் 100 பி.பி.எம். ஆனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில நூறு பி.பி.எம். ஆளை மயக்கும், 1,000 அளவில் சில மூச்சிலேயே உயிர் போகும். காற்றைவிடக் கனம் என்பதால் குழியில் தேங்கி நிற்கும். 'நாத்தம் நின்னு போச்சு, இறங்கலாம்' என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பெரிய ஆலைகளில்

பெரிய ஆலைகளில் கலனிலேயே ஃபெரிக் குளோரைடு சேர்ப்பார்கள். அல்லது கேஸில் சில சதவீதம் காற்றைச் செலுத்தி, பாக்டீரியாக்களைக் கொண்டே கந்தகமாக மாற்றுவார்கள். ஆனால் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும், அதனால் இது உத்தேசமாகச் செய்கிற வேலை அல்ல. தண்ணீரில் கழுவுதல், ஆக்டிவேட்டட் கார்பன் என்று வேறு முறைகளும் உண்டு. 2018-இல் மத்திய அரசு 'சதத்' திட்டத்தைத் தொடங்கி, சாண எரிவாயுவைச் சுத்திகரித்து அழுத்தி வாகன எரிபொருளாக்க வழி செய்தது. அந்த ஆலைகளில் இந்த வாயுவை நீக்குவது முக்கியமான வேலை. டிப்ளமோ முடிக்கும் நமக்கும் அங்கே இடம் உண்டு.

முடிவாக

முதலாளி பிடித்த பணம் 2,500 ரூபாய் திரும்ப வரவில்லை. மீதி 1,500-ஐப் பிடிக்கவில்லை. "உன் பேர்ல தப்பில்லப்பா" என்று எல்லார் முன்னாடியும் அப்பாவிடம் சொன்னார். அன்று ராத்திரி அப்பா, "அந்தத் தாளு இன்னும் நாலு கெடைக்குமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் இரண்டு குறி இருக்கிறது. ஆயில் மாற்றினால் வட்டம். துரு மாற்றினால் பெருக்கல் குறி.

நண்பர்களே, நாம் பரீட்சைக்காகப் படிக்கிற ஒரு மார்க் கேள்வி யாரோ ஒருவரின் எட்டு மாதச் சம்பளப் பிடித்தமாக இருக்கலாம். புரிந்து படிப்போம்!